ஒரு பானை நெல்லும் பல துறைகளும்

2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24, 25 ஆகிய இரு நாள்களில் தமிழக அரசின் இந்து சமய அறநிலையத் துறை பழனியில் நடத்திய அனைத்துலக முத்தமிழ் முருகன் மாநாடு, திருவிழாவாகவும் ஆய்வுக் கூட்டமாகவும் ஒரே வேளையில் விளங்க முயன்ற நிகழ்வாகும். பழனித் திருக்கோயில் நடத்தும் அருள்மிகு பழனியாண்டவர் கலை மற்றும் பண்பாட்டுக் கல்லூரியின் வளாகம் அதற்குக் களமாயிற்று. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சென்னையிலிருந்து காணொலி வழியாகத் தொடங்கி வைத்த அம்மாநாட்டில், ஒருபுறம் அறுபடை வீடுகளின் கண்காட்சியைக் காணப் பொதுமக்கள் திரண்டனர். மறுபுறம் ஆய்வரங்குகளில் இலக்கியம், வழிபாடு, கலை, வரலாறு எனப் பல முனைகளிலிருந்து எழுதப்பட்ட கட்டுரைகள் படிக்கப்பட்டன. பக்தர் கூட்டத்தின் நடுவே ஆய்வாளருக்கும் இடம் ஒதுக்கியது பாராட்டத்தக்கதே. ஆயினும், பல துறையினர் ஓரிடத்தில் கூடுவதும் ஒரு பொருளின் மீது கூடுவதும் வேறு வேறு செயல்கள் என்பதால், இத்தகைய கூட்டங்களிடம் எதை எதிர்பார்ப்பது என்ற வினா பழனியை முன்வைத்து எழுகிறது. அவ்வினாவுக்கு விடை தேடத் தமிழ்நாட்டில் இதைவிடப் பொருத்தமான ஊர் அரிது.

தமிழாய்வில் பல துறைகளை ஒன்றுகூட்டும் முயற்சிக்கு அறுபது ஆண்டு வரலாறு உண்டு. யாழ்ப்பாணத் தீவகத்தைச் சேர்ந்த தனிநாயகம் அடிகளார், புதுதில்லியில் 1964 ஜனவரியில் கூடிய கீழ்த்திசை அறிஞர் மாநாட்டின்போது, வ.அய். சுப்பிரமணியம் முதலியோருடன் சேர்ந்து உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தோற்றுவித்தார். பிரெஞ்சு அறிஞர் ழான் ஃபிலியோசா அதன் தலைவராகவும், செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில் அடிகளாருடன் இணைச் செயலாளராகவும் பொறுப்பேற்றனர். மன்றத்தின் முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில், அடிகளார் பணியாற்றிய மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஆதரவில் நடந்தபோது, மொழியியலும் தொல்லியலும் மானிடவியலும் தென்கிழக்காசிய வரலாறும் ஒரே நிரலில் இடம்பெற்றன. தமிழைத் தமிழாசிரியர் மட்டுமே ஆராய முடியும் என்ற எண்ணம் அங்கே உடைந்தது. அவ்வழியில், முருக வழிபாட்டை மட்டும் பொருளாகக் கொண்ட முதல் அனைத்துலக மாநாட்டைச் சென்னை செம்மஞ்சேரியில் உள்ள ஆசியவியல் நிறுவனம் 1998 டிசம்பரில் கூட்டியது. அதன் தொடர் மாநாடுகள் 2001-இல் மொரீசியசிலும் 2003-இல் கோலாலம்பூரிலும் நடந்தன.

இடைப்பட்ட காலத்தில் கருத்தரங்கம் என்பதே கல்லூரி வாழ்வின் அன்றாடச் சடங்காகிவிட்டது. ஆசிரியரின் பணி உயர்வுக்குக் கட்டுரைகளையும் கருத்தரங்கப் பங்கேற்பையும் மதிப்பெண்ணாகக் கணக்கிடும் ஏ.பி.ஐ. முறையைப் பல்கலைக்கழக மானியக் குழு 2010-ஆம் ஆண்டு விதிகளில் புகுத்திய பிறகு, கருத்தரங்குகள் பெருகின. அவற்றின் ஆய்வுக்கோவைகள் கனத்தன. குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு ஆகியவை முற்பகலை எடுத்துக்கொள்ள, எஞ்சிய நேரத்தில் ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம் ஒதுக்கி, மணி அடித்து இறக்கிவிட்டு, மாலையில் சான்றிதழ் வழங்குவது பல கல்லூரிகளில் வழக்கம். 'பன்முக நோக்கில்' என்று தலைப்பிட்டால் எந்தக் கட்டுரையும் அதில் அடங்கிவிடும். ஒரு துறையார் பேசும்போது மறு துறையார் அடுத்த அறையில் தம் முறைக்குக் காத்திருப்பார். இதில் எவரையும் தனியே குறை சொல்ல இயலாது. கணக்குக்காக நடக்கும் கூட்டம் கணக்கையே ஈட்டும்.

வேறு வகையான கூட்டம் எப்படி இருக்கும் என்பதைப் பழனிக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், மலையடிவாரத்தில் இருக்கும் பொருந்தல் என்னும் சிற்றூர் காட்டுகிறது. புதுவைப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைப் பேராசிரியர் கா. ராஜன், செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் நிதியுதவியுடன் 2009, 2010 ஆகிய ஆண்டுகளில் அங்கே அகழாய்வு நடத்தினார். வாழ்விடப் பகுதியில் கண்ணாடி மணிகள் செய்த உலையின் எச்சங்கள் கிடைத்தன. கற்பலகைகளை நிறுத்தி, நடுவே குறுக்குப் பலகையால் அறை பிரித்துக் கட்டிய ஈமச்சின்னம் ஒன்றில் ஆயிரக்கணக்கான மணிகளுடன் நான்கு கால் கொண்ட சாடி ஒன்றும், அதனுள் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல்லும் இருந்தன. பானை உருளாமல் நிற்க அடியில் வைக்கும் வளையத்தைப் பிரிமனை என்பர். அதே ஈமச்சின்னத்தில் கிடைத்த பிரிமனை ஒன்றில் 'வய்ர' என்ற எழுத்துகள் தமிழி எனப்படும் பண்டைத் தமிழ் எழுத்தில் கீறப்பட்டிருந்தன. அந்த நெல்லின் ஒரு பகுதி அமெரிக்காவிலுள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டது. வந்த விடை கி.மு. 490. இரண்டாவது மாதிரிக்குக் கி.மு. 450 என்று விடை வந்தது.

இந்த இரண்டு எண்களின் கனத்தை உணர, எழுத்தியல் வரலாற்றைச் சற்றே நோக்க வேண்டும். தமிழி எழுத்து, மௌரியப் பேரரசர் அசோகரின் காலத்துக்குப் பிறகே, அதாவது கி.மு. மூன்றாம் நூற்றாண்டு அளவிலோ அதன் பின்னரோ, தமிழ்நாட்டில் பரவியது என்பதே ஐராவதம் மகாதேவன் முதலிய எழுத்தியல் அறிஞர்கள் கொண்டிருந்த கருத்து. பொருந்தல் நெல்லின் காலத்தையே பிரிமனை எழுத்தின் காலமாகக் கொண்டால், அசோகருக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே பழனி அடிவாரத்தில் எழுத்தறிவு இருந்தது என்றாகிறது. மகாதேவன் இதை உடனே ஏற்கவில்லை; ஒரே ஒரு காலக்கணிப்பைக் கொண்டு முடிவு கட்டாமல் மேலும் சான்றுகளுக்குக் காத்திருக்க வேண்டும் என்று எச்சரித்தார். கீழடியில் கிடைத்த மாதிரியொன்று கி.மு. 580-ஐச் சேர்ந்தது என்று 2019-இல் அறிவிக்கப்பட்டபோதும் இதே வாதம் புது வேகத்துடன் எழுந்தது. மேடைகளில் இது தமிழ்ப் பெருமைக்கும் ஐயவாதிகளுக்கும் இடையிலான வழக்காகவே பேசப்படுகிறது. வழக்கின் முடிச்சோ இரு தரப்பாரும் அதிகம் பேசாத இயற்பியலில் இருக்கிறது.

வளிமண்டலத்தின் மேலடுக்கில், விண்வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர்கள் நைட்ரஜன் அணுக்களைத் தாக்குவதால், கரிமம்-14 என்னும் கதிரியக்கக் கரிமம் இடையறாது உருவாகிறது. பயிர்கள் காற்றிலிருந்து அதை ஏற்கின்றன. அறுவடையானதும் ஏற்பது நின்று, இருப்பில் உள்ளது 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. எஞ்சிய அணுக்களை நேரடியாக எண்ணும் முடுக்கி வழி அளவீடு ஏ.எம்.எஸ். எனப்படுகிறது; ஒரு நெல்மணி அளவு பொருளே அதற்குப் போதும். இவ்வகையில் கரித்துண்டைவிட நெல் சிறந்த சான்று. கரித்துண்டு பல நூறாண்டு நின்ற மரத்தின் உள்வைரத்திலிருந்து வந்திருக்கக்கூடும் என்பதால், அது எரிந்த காலத்தைவிடப் பழைய விடையைத் தரலாம். நெல்லோ அந்தப் பருவத்தில் விளைந்து அந்தப் பருவத்தில் அறுக்கப்பட்டது. பொருந்தல் சான்றின் வலிமை இதுவே.

அதன் நலிவும் இங்கேயே உள்ளது. காற்றில் கரிமம்-14-இன் அளவு எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. கதிரவனின் காந்தச் செயல்பாடு தணியும்போது அண்டக் கதிர்கள் மிகுதியாகப் பூமியை எட்டுவதால் அந்த அளவு கூடுகிறது. செயல்பாடு ஓங்கும்போது குறைகிறது. ஆகவே ஆய்வகம் தரும் எண்ணை, காலம் உறுதியான மர வளையங்களைக் கொண்டு வரைந்த திருத்தக் கோட்டுடன் ஒப்பிட்டே உண்மை ஆண்டைப் பெற முடியும். அந்தக் கோடு கி.மு. 800 முதல் 400 வரை ஏறக்குறைய மட்டமாகக் கிடக்கிறது. ஆஸ்திரியாவின் தொல்லிடம் ஒன்றின் பெயரால் அறிவியலார் அதனை ஹால்ஸ்டாட் சமதளம் என்பர். அச்சமதளத்துக்குள் விழும் எந்த மாதிரிக்கும் ஒரே ஆண்டைச் சுட்ட இயலாது. நூற்றாண்டுகள் நீளும் ஒரு வீச்சையே தர இயலும். பொருந்தலின் 490-உம் கீழடியின் 580-உம் இந்தச் சமதளத்துக்குள் விழுபவை. செய்தித்தாள்களில் ஒற்றை ஆண்டாக அச்சான எண்ணுக்குப் பின்னால், கதிரவன் அந்நூற்றாண்டுகளில் நடந்துகொண்ட விதம் இருக்கிறது.

கதிரவனின் அந்நடத்தையைப் பதிவு செய்துவரும் உலகின் மூத்த நிலையங்களில் ஒன்று, பொருந்தலுக்கு மேலே எழும் அதே பழனி மலைத்தொடரில்தான் அமைந்துள்ளது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-இல் தொடங்கியது. 1904 முதல் அங்கே கதிரவனின் படங்கள் எடுக்கப்பட்டு வருகின்றன. கரும்புள்ளிகளில் வளிமம் ஆரப்போக்கில் வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்ததும் அங்கேதான். அடிவாரத்து நெல்லின் வயதைப் பற்றிப் பேசும் தொல்லியலார் ஒருவரும், மலைமேல் கரும்புள்ளிகளின் ஏற்ற இறக்கத்தை ஆராயும் வானியலார் ஒருவரும், திருத்தக் கோட்டின் மட்டமான பகுதியை முன்னே விரித்து ஒரு பிற்பகல் முழுதும் உரையாடினால், அது எந்தத் தலைப்பும் தேவைப்படாத பல்துறைக் கருத்தரங்காக அமையும். அமர்வில் எழுத்தியலாருக்கு எழுத்தின் வடிவம் பற்றியும், மொழியியலாருக்கு 'வய்ர' ஒரு மணிக்கல்லைக் குறிக்கிறதா, ஆளின் பெயரா என்பது பற்றியும் சொல்ல இருக்கும். நெல்லை ஆராயும் தாவரவியலாரோ இன்னொரு வினாவை எழுப்புவார்: அந்த நெல் அவ்வூர்ச் சண்முகநதிக் கரையில் விளைந்ததா, வணிகர் பொதியில் வந்ததா?

இலக்கியம் படித்தவருக்கும் அங்கே நாற்காலி உண்டு. பழனியின் பழைய பெயரான பொதினி, அகநானூற்றின் முதற்பாட்டிலேயே வருகிறது. மாமூலனார் பாடிய அப்பாட்டில், பிரிந்து சென்ற தலைவன் முன்பு அளித்த உறுதிமொழியை நினைத்துத் தலைவி தோழியிடம் வருந்துகிறாள். நெடுவேள் ஆவி என்னும் தலைவனுக்குரிய பொதினியில், காரோடன் எனப்படும் சாணைத் தொழிலாளி அரக்குடன் சேர்த்துப் பிணைத்த கல்லைப்போலப் பிரியாதிருப்போம் என்பதே அந்த உறுதிமொழி. உரையாசிரியர் வழியில் பயின்றவர்கள் இதை உவமை நயமாகப் படித்துக் கடந்துவிடுவர். பொறியியல் கண்ணுடன் நோக்கினால், இது தேய்ப்புத் துகள்களை அரக்கினால் பிணைத்துச் சாணை செய்யும் தொழில்நுட்பத்தின் குறிப்பாகும். மணிகளை மெருகிடுவோர் இவ்வகைச் சாணையை அண்மைக் காலம்வரை கையாண்டனர். அதற்கு வேண்டிய கடினமான குருந்தக்கல் கொங்குப் பகுதியில் கிடைப்பதே. பொருந்தலில் மணி உலை வெளிப்பட்ட பிறகு, ஏதோ ஓர் ஊரை விட்டுப் பொதினியை அந்த உவமைக்குப் புலவர் தேர்ந்ததற்குத் தொழில் சார்ந்த காரணம் இருந்திருக்கலாம் என்று கருத இடமுண்டாகிறது. கண்ணாடி உலையும் கற்சாணையும் ஒரே தொழிலைச் சேர்ந்தவையல்ல என்று பொருளறிவியலார் மறுக்கலாம். மறுப்பதற்காகவேனும் அவர் அகநானூற்றைப் புரட்ட நேரும்.

பிற்காலப் பழனியும் இதே அளவுக்கு வளமானது. அமெரிக்க மானிடவியலாளர் டேவிட் ரட்னர், பதினேழாம் நூற்றாண்டைப் பேசும் நகரத்தார் ஓலை ஆவணங்களை ஆராய்ந்து 1987-இல் வெளியிட்ட கட்டுரையில், பழனிக்கு உப்பு விற்க வந்த குமரப்பன் என்னும் வணிகரின் கதையை விரித்துரைக்கிறார். புதிய ஊரில் கடை போட்ட வணிகர், தம் வரவில் ஒரு பங்கை மகமையாகப் பழனியாண்டவருக்கு ஒதுக்குகிறார். அந்த அறக்கொடை அவருக்கு அவ்வூர்ப் பெரியவர்களிடமும் மற்ற வணிகர்களிடமும் நம்பகத்தைத் தேடித் தருகிறது. நம்பகம் பெருகப் பெருக வணிகமும் பெருகுகிறது. பக்தி என்பது வணிகத்துக்கு மேலே பூசிய மெருகு என்றோ, வணிகம் பக்திக்கு இடையூறு என்றோ பிரித்துப் பார்க்கும் பழக்கத்தை அந்த ஓலைகள் தகர்க்கின்றன. பொருளியல் மாணவர் ஒருவர் கடனும் நம்பிக்கையும் பற்றி எழுதுவதற்கு வெளிநாட்டு எடுத்துக்காட்டுகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டிலிருந்து சர்க்கரைக் காவடியுடன் நடந்து வரும் கூட்டத்தின் பழைய கணக்கேடே போதும்.

காவடிகளிலும் வகை உண்டு. பங்குனி உத்திரத்தில் கொங்கு நாட்டு வேளாளர் கொடுமுடியிலிருந்து காவிரி நீரைத் தீர்த்தக் காவடியாகக் கொணர்கின்றனர். இவ்விரு பருவங்களையும் பொருள்களையும் பழனியில் தங்கி ஆராய்ந்த மானுவேல் மொரேனோ, தம் ஆசிரியர் மெக்கிம் மாரியட்டுடன் சேர்ந்து 1989-இல் எழுதிய ஆய்வில், சூடு, குளிர்ச்சி எனும் சித்த, ஆயுர்வேதக் கருத்துகளைக் கொண்டே வழிபாட்டை விளக்க முனைந்தார். வெயில் ஏறும் பங்குனியில் குளிர்ந்த நீர் ஏன், பனிக்காலத் தையில் சர்க்கரை ஏன் என்ற கேள்வியை நம் ஊர்ப் பாட்டியிடம் கேட்டிருந்தாலும் பாதி விடை கிடைத்திருக்கும் என்பது வேறு. மருத்துவமும் சமயமும் சந்திக்கும் அந்தப் புள்ளியை அவ்விருவரும் கண்டெழுதிய அளவுக்குத் தமிழில் எவரும் எழுதவில்லை என்பது சற்று உறுத்தவே செய்கிறது.

பஞ்சாமிர்தத்தை எடுத்துக்கொண்டால் அது சட்டம், நுண்ணுயிரியல், வேளாண்மை ஆகிய மூன்றையும் இழுத்து வருகிறது. தமிழகக் கோயில் பிரசாதங்களில் முதன்முதலாகப் புவிசார் குறியீடு பெற்றது இதுவே. அது கிடைத்தது 2019 ஆகஸ்டில். ஒரு பொருளின் தரமும் பெயரும் அது தோன்றும் இடத்தைச் சார்ந்திருக்கும்போது, அப்பெயரைப் பிறர் பயன்படுத்தாதபடி காக்கும் உரிமையே புவிசார் குறியீடு. வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய் ஆகியவற்றுடன் பேரீச்சையும் கற்கண்டும் சேர்த்துப் பிசையும் இதில் ஒரு சொட்டு நீரும் கலப்பதில்லை. சர்க்கரையும் தேனும் இருக்கும் ஈரத்தைத் தம்மிடம் பிணைத்துக்கொள்வதால், நுண்ணுயிர்கள் பெருகத் தேவையான தனி நீர் அவற்றுக்குக் கிடைப்பதில்லை. குளிர்பெட்டி இல்லாத காலத்திலும் யாத்திரிகர் அதைச் சொந்த ஊர்வரை கொண்டுசென்றது இதனால்தான். நீர்ச்சத்து குறைந்த விருப்பாச்சி மலைவாழை இதற்கு ஏற்ற பழம். அந்த வாழையையோ, அசுவினிப் பூச்சியால் பரவும் முடிக்கொத்து நோய் கீழ்ப்பழனி மலைத் தோட்டங்களில் பெரிதும் அழித்துவிட்டது. நோயற்ற திசு வளர்ப்புக் கன்றுகளைக் கொண்டே அதை மீட்கும் முயற்சி நடந்தது. வைரசியலாரின் ஆய்வகத்துக்கும் மலைக்கோயில் மடப்பள்ளிக்கும் இடையே இப்படி ஒரு வழி இருப்பது பக்தர் பலருக்குத் தெரியாது.

மூலவர் திருமேனி பற்றிய பேச்சு இன்னும் நுண்ணியது. ஒன்பது பாடாணங்களை, அதாவது நச்சுத் தன்மையுள்ள கனிமங்களை, பக்குவப்படுத்திச் சித்தர் போகர் வடித்தது என்று மரபு கூறும் அத்திருமேனி, நூற்றாண்டுக் கணக்கான அபிடேகத்தால் தேய்ந்துள்ளது. அதைத் தொட்டு ஆராய்வதா, தொடாமல் காப்பதா என்பது வேதியியல், ஆகமம், சித்த மருத்துவம், சட்டம் ஆகியவை ஒன்றோடொன்று முரண்படும் சிக்கல். எந்த ஒரு துறைக்கும் தனித்து முடிவெடுக்க அதில் உரிமையில்லை.

2024 மாநாடு நிறைவேற்றிய தீர்மானங்களில் ஒன்று, கோயில்கள் நடத்தும் கல்லூரிகளில் முருக பக்தி இலக்கியம் குறித்த சிறப்புப் பாடப்பிரிவுகளைத் தொடங்குவது. கந்தசஷ்டி நாள்களில் மாணவர்களைக் கொண்டு பாராயணம் செய்விக்கும் தீர்மானமும் இருந்தது. அரசு நடத்தும் கூட்டம் கல்வியில் சமயத்தைப் புகுத்துகிறது என்று திராவிடர் கழகமும் இடதுசாரிகளும் கண்டித்தனர். கோயில் பணத்தில் நடக்கும் கல்லூரியில் கோயிலைப் பற்றிப் படிப்பதில் குற்றமென்ன என்று மறுதரப்பினர் கேட்டனர். பாராயணத்தைப் பொறுத்தவரை கண்டனத்தில் நியாயம் இருக்கிறது. மாணவரின் நம்பிக்கை கல்லூரியின் பொறுப்பன்று. பாடப்பிரிவு வேறு வகையானது. அதன் தகுதியைத் தீர்மானிப்பது அதில் என்ன சொல்லித்தரப்படும் என்பதே. பாட்டுகளை மனப்பாடம் செய்து தேர்வெழுதும் தாளாக அது அமைந்தால், கண்டித்தவர்கள் சொன்னது மெய்யாகிவிடும். பொருந்தல் பிரிமனை, உப்பு வணிகரின் ஓலை, முடிக்கொத்து நோய் தாக்கிய கன்று ஆகியவற்றையும் அப்பாடம் மேசைமேல் வைத்தால், நாத்திக வீட்டுப் பிள்ளையும் ஆத்திக வீட்டுப் பிள்ளையும் அதில் சேர்ந்து படிக்கத் தடையிராது.

அதற்குப் பெரும்பொருள் தேவைப்படாது. கல்லூரி பழனியிலேயே இருக்கிறது. பொருந்தலுக்குச் செல்ல ஒரு பேருந்துப் பயணம் போதும். கொடைக்கானலுக்கு மலைப்பாதை உண்டு. ஊரகத்தையே வகுப்பறையாகக் கொண்டு 1956-இல் தொடங்கிய காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம் இதே திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ளது. பொருந்தல் நெல்லைப் போன்ற மாதிரியைக் கடல் கடந்து அனுப்ப வேண்டிய நிலையும் மாறிவருகிறது. தில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையத்தில் கரிமம்-14 அளவிடும் வசதி அமைந்துவிட்டது. எஞ்சியிருப்பது அழைப்பிதழின் வாசகம்தான். அதில் பேச்சாளர்களின் பெயர்ப்பட்டியலுக்கு முன்னால் ஒரே ஒரு வினா அச்சாக வேண்டும். ஹால்ஸ்டாட் சமதளத்துக்குள் விழும் ஓர் எழுத்தின் வயதை எந்த வழியில் இன்னும் நெருங்கலாம் என்பது முதல் ஆண்டுக்கான வினாவாக இருக்கலாம்.